விசாரிப்பார் இல்லாத பந்தி: வடசென்னைப் பயணத்தில் ஒரு மாலை

சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய இராயபுரத்தில் தொடங்கி, காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலோரமாகவே வடக்கே சென்று, அங்கிருந்து மேற்கே திரும்பி மணலி வழியாக மாதவரத்தை அடையும் பாதை, தமிழகத்தின் தொழில் வரலாற்றில் ஈடுபாடுள்ள எவரும் ஒருமுறையேனும் கடந்து பார்க்க வேண்டிய பாதையாகும். இதன் ஆலைகளைப் பற்றியும் கோயில்களைப் பற்றியும் எழுதியோர் பலர். மதுரையிலிருந்து வந்த சிறு பயணக்குழு ஒன்று இவ்வழியே சென்றபோது கண்டவற்றுள், உணவு பரிமாறப்படும் முறையைப் பற்றியவையே இங்குப் பெரிதும் பேசப்படுகின்றன; பயணத்தின் இறுதியில், மாதவரத்து உணவகம் ஒன்றில் ஏமாற்றத்தோடு கழிந்த மாலைப்பொழுது, அதற்கு முன் வழியெங்கும் உண்டதையும் உண்பித்தவர்களையும் மீண்டும் எண்ணிப்பார்க்கச் செய்தது என்பதே அதற்குக் காரணம்.

இராயபுரம்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்த நிலையத்தின் கட்டடம் தன் தூண் வரிசையோடு இன்றும் நிற்கிறது. இரயில் வந்தபின் நெடுந்தொலைவுப் பயணம் பெருகியது. பயணம் பெருகவே, வீட்டுக்கு வெளியே, முன்பின் அறியாதவர் கையால் காசு கொடுத்து உண்ணும் வழக்கமும் பெருகியது. நிலையங்களின் உணவுச்சாலைகளில் பிராமணர்க்கு ஒரு பகுதி, ஏனையோர்க்கு ஒரு பகுதி எனப் பிரித்து வைத்துப் பரிமாறும் ஏற்பாடு நெடுங்காலம் இருந்து, பெரியார் ஈ.வெ.ராவும் அவருடைய இயக்கத்தாரும் இடைவிடாது கண்டித்ததன் பயனாக 1941இல்தான் தென்னிந்திய இரயில்வேயில் ஒழிந்தது. பின்னர் வந்த அரசமைப்புச் சட்டம், தன் 15ஆம் பிரிவில், சமயம், சாதி, பாலினம், பிறப்பிடம் முதலியவற்றைக் காட்டிக் கடைகளிலும் பொது உணவகங்களிலும் எவரையும் தடுக்கக் கூடாது என்று உணவகத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. ஓர் உணவகத்தின் மேசையில் யாருக்கு எவ்வாறு பரிமாறப்படுகிறது என்பது இந்நாட்டில் ஒருபோதும் சிறிய செய்தியாக இருந்ததில்லை.

இராயபுரத்துக்குத் தெற்கே, கடற்கரை இரயில் நிலையத்தின் எதிர்ப்புறத் தெருக்களில், மாலை ஆனதும் அத்தோ வண்டிகள் வந்து நிற்கின்றன. பர்மாவில் 1962இல் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையானபோது, தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த தமிழர்கள் கப்பலேறித் தாயகம் திரும்பினர். அவர்களுள் பலர் வடசென்னையின் வியாசர்பாடி முதலிய பகுதிகளில் குடியமர்ந்தனர். அவர்களோடு வந்த உணவே அத்தோ. வேகவைத்த நூடுல்ஸில் மெல்லியதாக நறுக்கிய முட்டைக்கோஸும் வெங்காயமும் சேர்த்து, புளிக்கரைசல், வறுத்த பூண்டு, பூண்டு மணக்கும் எண்ணெய், மிளகாய்த்தூள் இவற்றை அளவறிந்து இட்டு, பேஜோ எனப்படும் மொறுமொறுப்பான தட்டையை உடைத்துப் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவது அது. துணையாக வாழைத்தண்டு சூப்பும் ஒரு கிண்ணத்தில் வரும்.

வண்டிக்காரர் ஒருவர் பிசைவதை அருகிலிருந்து காண்பது பயனுள்ளதாக இருந்தது. சுற்றிலும் கூட்டம் நெருக்கிக்கொண்டு நிற்க, ஒவ்வொருவரிடமும் “அண்ணே, காரம் எப்பிடி?” என்று ஒரே ஒருமுறை கேட்டார், அதன்பின் எவர் தட்டிலும் காரம் மாறவில்லை. குழுவிலிருந்த முதியவர் கிண்ணத்தைக் கீழே வைத்ததும், அவர் வாய் திறப்பதற்கு முன்பே சூப்பு மீண்டும் ஊற்றப்பட்டது. உட்கார நாற்காலி இல்லை, கை கழுவக் குழாயும் இல்லை. ஆயினும் நின்றுகொண்டு உண்ட எவரும் தாம் கவனிக்கப்படவில்லை என்று கருதியிருக்க இயலாது.

காசிமேடு

மறுநாள் விடியுமுன் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் தொடங்கியிருந்தது. விசைப்படகுகள் கொண்டுவந்த வஞ்சிரமும் சங்கராவும் பாறையும் நெத்திலியும் கூடைகளில் இறங்கிக்கொண்டிருக்க, ஏலம் கூறுவோர் குரல் ஒன்றையொன்று விஞ்சியது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் அது என்பதால் விதிக்கப்பட்ட அத்தடை நீங்கியபின் வரும் வாரங்களில் இங்குக் கால் வைக்க இடமிராது.

சில்லறை விற்பனை பெரும்பாலும் பெண்கள் கையில் உள்ளது. மீனின் செவுளைத் தூக்கி அதன் சிவப்பைக் காட்டியபின்தான் விலை சொல்கிறார்கள். விலை படிந்ததும், குழம்புக்கா வறுவலுக்கா என்று கேட்டுத் துண்டின் கனத்தை முடிவு செய்கிறார்கள். “தலைய போட்றாதக்கா, கொழம்புக்கு அதான் ருசி” என்று வாங்க வந்த பெண்ணுக்கு அவர்கள் சொல்லும் அறிவுரைக்குத் தனிக் கட்டணம் இல்லை. வைகையாற்று ஊரிலிருந்து வந்தவர்களுக்கு, அதாவது கடல்மீன் பனிக்கட்டியில் ஒரு பகலேனும் கிடந்தபின்பே வந்துசேரும் ஊரைச் சேர்ந்தவர்களுக்கு, மீனின் கண் கலங்காமல் தெளிவாக இருப்பதைக் காண்பதே புதிய அனுபவமாக இருந்தது. வறுத்த மீன் விற்ற மூதாட்டி ஒருவர், கல்லில் கிடந்த துண்டுகளைத் திருப்பிப் போட்டபடியே, உண்பவர் ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முள் அதிகமுள்ள மீனைக் குழந்தையின் தட்டிலிருந்து எடுத்துவிட்டு, நடுமுள் நீக்கிய வஞ்சிரத் துண்டை வைத்தார்.

திருவொற்றியூர்

தியாகராஜ சுவாமி கோயிலும் வடிவுடையம்மன் சந்நிதியும் திருவொற்றியூரின் நடுவே அமைந்துள்ளன. கருவறையில் புற்று வடிவில் உள்ள ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருந்து, கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்கள் மட்டும் கவசமின்றிக் காட்சி தருகிறார். சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்ததும், அவரை விட்டுப் பிரியேன் என்று மகிழமரத்தடியில் உறுதி கூறியதும், அதை மீறி ஊரெல்லை கடந்து பார்வை இழந்ததும் இத்தலத்தில் நிகழ்ந்ததாகப் பெரிய புராணம் கூறும். தேர்வீதியைக் கடந்தால் ஆலைகள் தொடங்குகின்றன. 1955 முதல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் செய்யப்பட்டதும், பலூன் செய்யும் கொட்டகையாக 1946இல் தொடங்கிய எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனமாக வளர்ந்ததும் இவ்வூரில்தான்.

தமிழகக் கோயில்களில் நண்பகல் அன்னதானத் திட்டத்தை அரசு 2002இல் தொடங்கியது. பந்தி எங்கு நடந்தாலும், வீட்டுத் திருமணமாயினும் கோயில் மண்டபமாயினும், அதில் ஒரு பணி உண்டு. அதற்குப் பந்தி விசாரிப்பு என்று பெயர். பரிமாறுவோர் சோற்றையும் குழம்பையும் சுமந்து வரிசையாகப் போய்க்கொண்டிருக்க, கையில் பாத்திரம் ஏதுமின்றி ஒருவர் மட்டும் இலைகளைப் பார்த்தபடி நடந்து வருவார். யாருக்கு ரசம் வரவில்லை, எந்தக் குழந்தை காரம் தாங்காமல் தண்ணீர் தேடுகிறது, எந்த முதியவர் கேட்கக் கூச்சப்பட்டு வெறும் இலையோடு உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் கண்டு சொல்வதே அவர் வேலை. “சாப்புட்டீங்களா, என்ன வேணும்?” என்ற அவருடைய கேள்விதான் பந்தியை விருந்தாக்குகிறது. பணம் வாங்காத பந்திக்கே இத்தகைய ஒருவரை நியமித்த சமுதாயம், பணம் வாங்கும் உணவகத்தில் அவரை இன்றியமையாதவராகக் கருதியிருக்க வேண்டும்.

எண்ணூர், மணலி

எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலோடு சேரும் கழிமுகத்தில், மீனவர்கள் முறைவைத்து இறால் பிடித்துவந்த நீர்ப்பரப்பில், அனல்மின் நிலையங்களின் சாம்பல் படிந்துள்ளது. 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியதில் எண்ணெய் கடலில் பரவியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மீண்டும் எண்ணெய் கழிமுகத்துக்குள் புகுந்து, படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது. ஆற்றங்கரைக் குப்பமொன்றில், வலையில் வந்த இறாலின் அளவு சுருங்கிப்போனதைச் சொல்லிக்கொண்டே மீனவப் பெண் ஒருவர் வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தார். இப்பகுதியைப் பற்றி இக்கட்டுரையில் மேலும் எழுதாமல் விடுவதற்குக் காரணம், அதன் துயரம் தனிநூலுக்குரியது என்பதே.

மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1960களில் தோன்றின. 250 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் தொழிலாளர்க்கு உணவகம் நடத்த வேண்டும் என்று விதிக்க 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வழிசெய்தது. வேளைக்கு உணவு கிடைப்பது தொழிலாளியின் உரிமை என்ற எண்ணம் இவ்வட்டாரத்தில் ஆலைச் சுவர்களுக்குள்ளேயே வேர்விட்ட ஒன்று. பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளர்க்காக 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிற்சங்கம் தொடங்கப்பட்டபோது எழுந்த குறைகளுள், உண்பதற்கு விடப்பட்ட இடைவேளை போதவில்லை என்பதும் ஒன்று.

மாதவரம்

மாதவரம் பாலுக்குப் பேர்பெற்ற ஊர். கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூசிலாந்து நாட்டின் உதவியோடு 1960களில் இங்கு அமைந்த பால்பண்ணை, பின்னர் ஆவின் நிறுவனத்தின் முக்கியப் பண்ணைகளுள் ஒன்றாயிற்று. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமும் பால்பண்ணைக் குடியிருப்பை ஒட்டியே உள்ளது. 2011இல் மாநகராட்சியோடு இணைந்தபின்னும், ஆந்திரம், தெலங்கானா செல்லும் பேருந்துகளுக்கான நிலையம் 2018இல் திறக்கப்பட்டபின்னும் ஊரின் தோற்றம் விரைவாக மாறியது. ஜி.என்.டி. சாலை எனப்படும் பெரிய வடக்கு நெடுஞ்சாலையின் இருமருங்கும் சரக்குக் கிடங்குகளும் லாரிப் பேட்டைகளும், அவற்றினிடையே மெட்ரோ இரயிலின் இரண்டாம் கட்டப் பணிக்கான தடுப்புகளும், அவற்றின் பின்னே அடுக்குமாடிக் குடியிருப்புகளும் தெரிகின்றன. அக்குடியிருப்புகளை நம்பித் தோன்றியவையே கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் கொண்ட புதிய உணவகங்கள்.

அவற்றுள் ஒன்றில் பயணக்குழு அன்று மாலை நுழைந்தது. பாதி மேசைகள் காலியாக இருந்தன. கை கழுவும் இடத்துக்கு அருகே காட்டப்பட்ட மேசையில் முன்பு உண்டவர்களின் பருக்கைகள் துடைக்கப்படாமல் கிடந்தன. கேட்காமலேயே விலைத் தண்ணீர் புட்டிகள் மூடி திறந்து வைக்கப்பட்டன; சாதாரணத் தண்ணீர் பலமுறை கேட்டபின்னும் வரவில்லை. பல பக்கங்கள் கொண்ட உணவுப்பட்டியலில் விரல் வைத்துக் காட்டியவற்றைக் கைக்கருவியில் பதிந்துகொண்டு ஓர் இளைஞர் சென்றார். அதன்பின் நெடுநேரம் மேசையருகே எவரும் வரவில்லை.

வந்தபோது வந்தவை முறையின்றி வந்தன. பரோட்டா முதலில் வந்து ஆறிப்போக, அதற்கான குழம்பு பின்னர் வந்தது. கேட்ட மீன் வறுவலுக்குப் பதிலாகக் காளான் வறுவல் வந்து, திரும்பிச் சென்று, மறுபடி வரவே இல்லை. சைவ உணவு கேட்டவர்க்கு, ஏனையோர் கை கழுவி எழுந்தபின் சாதம் வந்தது. குழுவிலிருந்த முதியவர் நீரிழிவு நோயாளி. உணவுக்குச் சற்று முன் எடுக்க வேண்டிய மாத்திரையை, ஆர்டர் கொடுத்துச் சிறிது நேரத்தில் விழுங்கியிருந்தார். மாத்திரை உள்ளே சென்றபின் உணவு தாமதித்தால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து உடல் நடுங்கும் என்பது அந்நோயுடன் வாழ்வோர் அறிந்ததே. அவர் கை நடுங்கத் தொடங்கியது. கல்லாவில் இருந்தவரிடம் சென்று முறையிட்டபோது, “ஆன்லைன் ஆர்டர் நெறைய இருக்கு சார், கொஞ்சம் வெயிட் பண்ணுங்க” என்று, கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் விடையளித்தார்.

அவர் கூறியது உண்மையே. வாயிலின் பக்கவாட்டில், முதுகில் பெட்டிப்பை சுமந்த இளைஞர்கள் கைப்பேசி எண்ணைக் காட்டி நின்றுகொண்டிருக்க, அடுப்படியிலிருந்து பொட்டலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவர்களிடம் சென்றவண்ணம் இருந்தன. வீட்டிலிருந்து கைப்பேசிச் செயலி வழியாக ஆர்டர் செய்தவர், தாமதமானால் மதிப்பெண்ணைக் குறைப்பார். குறைந்த மதிப்பெண் ஊரறியத் திரையில் நிற்கும். எதிரே உட்கார்ந்திருப்பவரின் பசிக்கு அத்தகைய எண் ஏதும் இல்லாததால் அது பின்தள்ளப்படுகிறது. ஒரே அடுப்படி, ஒரே சரக்கு மாஸ்டர் (சமையலுக்குத் தலைமை தாங்குபவரை உணவகத்தார் அவ்வாறே அழைப்பர்); வேலை இரட்டிப்பாகியும் கைகள் கூட்டப்படவில்லை.

பழைய தமிழக உணவகங்களில் சர்வர் என்பவர் ஒருவரே மேசைக்குப் பொறுப்பு. மதுரையின் இரவுக் கடைகளில் இன்றும், இலை போட்ட கையோடு, இருக்கும் பண்டங்களை மூச்சுவிடாமல் ஒப்பித்து, கேட்டதை அடுப்படி நோக்கி உரக்கச் சொல்லி, எவர் எத்தனை பரோட்டா உண்டார் என்பதைக் கடைசிவரை நினைவில் வைத்துக் கணக்குச் சொல்பவர் அவர்தான். அடுப்படி வேலையில் தொடங்கி, 1938இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலை நிறுவிய கே. கிருஷ்ண ராவ் போன்றோர் வளர்த்த உடுப்பி உணவக மரபும், வேலையை அடியிலிருந்து கற்றவரே மேற்பார்வை செய்யும் மரபாகவே இருந்தது. மாதவரத்துப் புதிய உணவகத்திலோ, ஆர்டர் எடுப்பவர் ஒருவர், தட்டைக் கொண்டுவரும் சப்ளையர் மற்றொருவர், மேசை துடைப்பவர் வேறொருவர். மூவருக்கும் மேலிருந்து மேசைகளைப் பார்த்து வர வேண்டிய கேப்டன் என்ற பதவி காலியாகவே விடப்பட்டிருந்தது. பந்தி விசாரிப்பவரின் பணியைச் செய்ய வேண்டியவர் அந்தக் கேப்டன். சம்பளம் மிச்சமாகட்டும் என்று முதலாளி நீக்கிய அந்த ஒருவர் இல்லாமையே அம்மாலையின் குறைகள் அனைத்துக்கும் மூலம்.

சப்ளையர் இளைஞர் கிழக்கு மாநிலம் ஒன்றிலிருந்து வந்தவர். தமிழ் அவருக்கு ஓரிரு சொல்லே தெரிந்திருந்தது. காளான் வறுவல் தவறி வந்ததற்காகப் பக்கத்து மேசைக்காரர் ஒருவர் அவரை உரத்த குரலில் வைதபோது, அவர் எதுவும் பேசாமல் தட்டை எடுத்துச் சென்றார். அவர் சட்டைக் கைகளின் ஓரம் எச்சில்தட்டு கழுவிய ஈரத்தோடு இருந்தது. மேசை துடைப்பவர் அன்று வராததால் அந்த வேலையும் அவர்மேல் விழுந்திருந்தது. வேலையற்ற நொடியிலும் சுவரில் சாய்ந்து நின்றாரேயன்றி உட்காரவில்லை, உட்கார ஒரு முக்காலியும் இல்லை. நாள் முழுவதும் நிற்கும் பணியாளர்க்கு இருக்கை வழங்க வேண்டும் என்று கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் தமிழ்நாடு சட்டமன்றம் 2021இல் திருத்தம் செய்திருப்பதை இங்கு நினைவுகூர வேண்டும். முதியவரின் கை நடுங்குவதை அந்த உணவகத்தில் முதலில் கண்டவர் அவ்விளைஞரே. மொழி தேவைப்படாமலே செய்தியைப் புரிந்துகொண்டு, உள்ளே சென்று, பணியாளர் தங்கள் இரவு உணவுக்காகச் சுட்டு வைத்திருந்த சப்பாத்திகளில் இரண்டைச் சூடாகக் கொண்டுவந்து, சிறிது சர்க்கரையும் வைத்துக் கொடுத்தார். “நல்லா இருப்பா தம்பி” என்று முதியவர் சொன்னது அவருக்குப் புரிந்ததாகவே தோன்றியது.

இறுதியில் வந்த பில்லில், உணவின் விலைக்கும் வரிக்கும் இடையே சேவைக் கட்டணம் என்றொரு தொகையும் சேர்க்கப்பட்டிருந்தது. சேவைக் கட்டணம் என்பது அரசு விதிக்கும் வரி அன்று; உணவகத்தார் தாமாகச் சேர்க்கும் தொகை. அதை உண்பவர் விருப்பமின்றித் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. அந்நெறிமுறை செல்லும் என்று தில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. இதைச் சுட்டிக்காட்டியதும் அத்தொகை மறுபேச்சின்றி நீக்கப்பட்டது. கேளாமல் கொடுத்துச் சென்றவர்களின் பில்லில் அது அப்படியே நின்றிருக்கும்.

உணவகத்தை விட்டு வெளியேறி, ஜி.என்.டி. சாலையோரத் தேநீர்க் கடையில் குழுவினர் சற்று அமர்ந்தனர். ஆந்திர லாரி ஓட்டுநர்களிடம் தெலுங்கிலும் ஏனையோரிடம் தமிழிலும் பேசிய டீ மாஸ்டர், முதியவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “பெரியவருக்குச் சர்க்கரை போடலாமா, வேணாமா?” என்று தாமே கேட்டார்.

மாதவரத்து மாலையில் கிடைத்த உணவின் சுவை குறைவு என்று கூறுவதற்கில்லை. சூடாக வந்திருந்தால் அது நல்ல உணவே. குறை, உண்பவரை ஏறிட்டுப் பார்க்கும் ஒருவரை நியமிக்காத நிர்வாகத்தின் குறை. எனவே இத்தகைய உணவகங்களுக்குச் செல்வோர், தாமதத்துக்கும் தவறுக்கும் தட்டேந்தி நிற்கும் சப்ளையரைக் கடிந்துகொள்ளாமல், கல்லாவில் இருப்பவரிடமோ முதலாளியிடமோ முறையிட வேண்டும்; பில்லை வரிவரியாகப் படித்து, சேவைக் கட்டணம் இருந்தால் நீக்கச் சொல்ல வேண்டும்; மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.